நூறு சைஸ் பனியன்

கொடியில் காயும் பனியனைப் பார்த்து, அந்த வீட்டில் எத்தனை ஆண்கள், யார் ஒல்லி, யார் தடி என்று சொல்லிவிடுகிற ஊரில் வளர்ந்தவர்கள் நாம். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். திருப்பூரில் அறுபதைத் தாண்டிய யாரும் சிரிக்க மாட்டார்கள். எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூறு என்று மார்புச் சுற்றளவைச் சொல்லும் அந்த எண்கள் நமக்கு வாய்ப்பாட்டுக்கு முன்பே மனப்பாடம். நம் அப்பாக்களில் பாதிப் பேர் நிட்டிங்கிலோ கட்டிங்கிலோ இருந்தார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து "தொண்ணூறு" என்று ஒரு குரல் வரும். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பெரும்பாலும் அந்தக் குரல் சொன்னது சரியாக இருக்கும்.

எங்கள் வீட்டில் ஒருமுறை சொன்னதும் சரியாகத்தான் இருந்தது. அதனால் ஒருவருடைய வாழ்க்கை போயிற்று.

போன மாதம் கோவையில் ஒரு டாக்டர் என் இடது கையின் மேல்பகுதியை இரண்டு விரலால் மெதுவாக அழுத்தினார். அவருக்கு என் மகள் வயது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஸ்கேன் படத்தையும், கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் செய்த சோதனையின் தாளையும் முன்னால் வைத்துக்கொண்டு, "அடிபோசிஸ் டோலரோசா" என்றார். வலிக்கும் கொழுப்பு என்று பொருளாம். உடம்பில் அங்கங்கே கொழுப்பு தேவையில்லாமல் திரண்டு கட்டியாகிறது. சாதாரணக் கொழுப்புக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. இது வலிக்கும், துணி பட்டால்கூட வலிக்கும். அபூர்வமான நோய், பெண்களுக்கு அதிகம், முழுதாகத் தீர்க்க மருந்தில்லை, வலியைக் குறைத்துக்கொண்டு வாழலாம் என்றார். "நெய் சாப்பிட்டதால வந்ததில்லைங்க" என்று நான் கேட்காமலேயே சேர்த்துக்கொண்டார். எல்லோரும் கேட்பார்கள் போலிருக்கிறது.

"குடும்பத்துல வேற யாருக்காச்சும் இருந்துச்சுங்களா?"

"எங்கத்தைக்கு. எங்கப்பாகூடப் பொறந்தவங்க."

"அவங்களுக்கும் வலி இருந்துச்சா?"

ஐம்பத்திரண்டு வருடங்களுக்கு முன் இதே கேள்வியை என் அப்பா வேறு வார்த்தைகளில் என்னிடம் கேட்டிருக்கிறார். அப்போது எனக்குப் பத்து வயது. டாக்டரிடம் "இருந்துச்சுங்க" என்றேன். அப்பாவிடம் அப்படிச் சொல்லவில்லை.

*

அந்த வருடம் முழுப்பரீட்சை முடிந்த வாரத்தில் அத்தை அவிநாசிக்குப் பக்கத்திலுள்ள சேவூரிலிருந்து வந்தாள். தகரப் பெட்டி ஒன்று, துணிப்பை ஒன்று. பஸ்ஸை விட்டு எல்லோரும் இறங்கிய பிறகு கடைசியாக இறங்கினாள். யாரும் மேலே இடித்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி இறங்குகிறாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளப் போனேன். உள்ளங்கையை என் நெற்றியில் வைத்துத் தடுத்துவிட்டு, அப்படியே தலையைத் தடவினாள்.

அன்று சமையலறையில் அம்மா சொன்னது: "வவுத்துல ஒண்ணு பொறந்திருந்தாத்தான கொளந்தயத் தொடத் தெரியும்."

அத்தைக்குக் குழந்தை இல்லை. வயது முப்பத்தெட்டு இருக்கும். சேவூரில் மாமாவுக்குக் காடும், நான்கு எருமையும், இரண்டு பசுவும் இருந்தன. மாமா கெட்டவர் இல்லை. குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார். விடியும் முன் எழுந்து சாணி அள்ளி, பால் கறந்து, தீவனம் சுமக்க அவருக்கு ஆள் வேண்டும். அந்த ஆள் அத்தை. அவள் கைகளிலும் இடுப்பிலும் தொடையிலும் கட்டிகள் வரத் தொடங்கி மூன்று வருடமாகியிருந்தது. திருப்பூரில் பெரிய டாக்டரிடம் காட்டிவிட்டு வரட்டும் என்று மாமா அனுப்பியிருந்தார்.

டாக்டரிடம் அப்பாதான் கூட்டிப்போனார். நான் அங்கே இல்லை. திரும்பி வந்து அப்பா சொன்னதைக் கேட்டேன். டாக்டர் ஒவ்வொரு கட்டியாக அழுத்திப் பார்த்தாராம். "வெறும் கொழுப்பும்மா. இது வலிக்காது" என்றாராம். அத்தை "வலிக்குதுங்க சாமி" என்றாளாம். "வலிச்சா அது வேற கட்டி. இது வலிக்கவே வலிக்காது. பயத்துல அப்படித் தெரியும். வெண்ணெய், நெய்ய நிறுத்துங்க. ஒடம்பு வளையட்டும், தன்னால கரையும்."

"கேட்டுக்கிட்டியா அம்மிணி?" என்று அப்பா அத்தையிடம் மறுபடியும் கேட்டார். தங்கையை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"கேட்டுக்கிட்டனுங்கண்ணா."

அப்போதெல்லாம் டாக்டர் சொன்னதை வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. வலிக்காது என்று படித்தவர் சொன்ன பிறகு வலிக்கிறது என்று சொல்பவள் பொய் சொல்கிறாள்; இல்லாவிட்டால் சோம்பேறி. அம்மா இரண்டும் என்று முடிவு செய்தாள்.

*

சனிக்கிழமைதோறும் ஊத்துக்குளியிலிருந்து ரயிலில் ஒரு அம்மாள் வெண்ணெய் கொண்டுவருவார். தண்ணீர் ஊற்றிய பாத்திரத்தில் வெள்ளை உருண்டை மிதக்கும். டாக்டர் சொன்ன பிறகு அத்தையின் தட்டில் வெண்ணெய் நின்றது, மோர்கூட ஆடை எடுத்த மோராயிற்று. அதோடு நிற்காமல், உருண்டையை மிதக்கவிடும்போது அம்மா தன் கட்டை விரலை அதன் மேல் அழுத்தி அடையாளம் வைத்தாள். யாராவது எடுத்தால் ரேகை கலைந்துவிடும்.

ரேகையை ஒரு நாள் நான் கலைத்தேன். ஒரு விரல் அளவு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, மேலே தடவிச் சமமாக்கி வைத்தேன். அம்மா பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, யாரையும் பார்க்காமல், "இப்படித் தின்னா கட்டி எங்கிருந்து கரையும்?" என்றாள்.

அத்தை என் உதட்டைப் பார்த்தாள். அதில் பளபளப்பு இருந்திருக்க வேண்டும்.

"ஆமாங்கண்ணி. நாக்கு கேக்கல. சித்த ருசி பாத்துப்போட்டேன்" என்றாள்.

எவ்வளவு சுலபமாகச் சொன்னாள் என்று அப்போது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நன்றியாக இல்லை.

வெண்ணெய் இல்லாமல் ஒரு மாதம் போனது. ஒரு கட்டியும் கரையவில்லை. முழங்காலுக்கு உள்பக்கம் புதிதாக ஒன்று வந்தது.

இதையெல்லாம் நான் எப்படிப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். "அவ கட்டியத் தொடாதே, ஒட்டிக்கும்" என்று அம்மா எச்சரித்திருந்தாள். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அத்தை படுத்த பாயைத் தனியாகத்தான் சுருட்டி வைத்தார்கள். அம்மா தெருக்குழாய்க்குப் போனால் வரிசையில் நின்று திரும்பி வர அரை மணி நேரமாகும். அந்த அரை மணி நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் பொடக்காணியில், குளிப்பதற்காக ஓலைத் தடுக்கு கட்டிய இடத்தில், அத்தை கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து என்னிடம் கொடுப்பாள். கை எட்டாத இடங்களுக்கு நான் ஒத்தடம் கொடுப்பேன். கட்டிகள் மேலே தோல் சாதாரணமாக இருந்தது; சிவப்பு இல்லை, புண் இல்லை. உள்ளே சில மொச்சைக்கொட்டை போலவும் சில எலுமிச்சை போலவும் விரலுக்கு நழுவின. பதினேழு வரை எண்ணி விட்டுவிட்டேன். சூடு பட்டால் அல்ல, விரல் பட்டால்தான் அத்தை மூச்சை இழுப்பாள். சத்தம் வராது. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வரும்.

"அம்மாகிட்டச் சொல்லிப்போடாதே கண்ணு. உன்னயத்தான் வைவாங்க."

"சொல்லமாட்டனுங்கத்தை."

*

உடம்பு வளையட்டும் என்று டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் அத்தை வேலைக்குப் போனாள். அடுத்த தெருவில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்குக்கு ஆள் கேட்டார்கள். "ஆடி வரைக்கும் போ. அப்பறம் மாப்பிள்ள கேப்பாரு" என்றார் அப்பா. ஆடிக்குப் பிறகும் இருக்க அனுமதி வாங்கிவிடலாம் என்று அத்தை நம்பினாள். அந்தக் கோடையில் அவள் விரும்பியது அது ஒன்றைத்தான்: எருமைகளிடம் திரும்பிப் போகாமல், உட்கார்ந்து செய்கிற இந்த வேலையில் இருந்துவிட வேண்டும்.

தைத்த பனியனுக்குள் கையை விட்டு விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன இழை இருக்கிறதா என்று பார்ப்பது செக்கிங். "சாணி அள்றதுக்கு இது கோயில் வேலை கண்ணு. உக்காந்துக்கிட்டே, ஆரும் மேல இடிக்காம" என்றாள். மத்தியானம் நான் தூக்குப்போசியில் சோறு கொண்டுபோவேன். பிளீச்சிங் வாடையும், இஸ்திரிப் பெட்டி ஆவியும், எல்லோருடைய புருவத்திலும் ஒட்டிய பஞ்சும் ஞாபகம் இருக்கிறது.

அங்கே கட்டிங் மாஸ்டர் ஒருவர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அளவு டேப்பைத் தோளில் போட்டால் அந்தக் கனத்துக்கே சாய்ந்துவிடுவார் போலிருக்கும், அவ்வளவு ஒல்லி. அத்தையைவிடப் பல வயது சின்னவர். அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"ஏ பாப்பா, சோறு வந்துட்டா? ஒங்கத்தை செக்கிங்ல ஒக்காந்து எங்க எல்லாத்துக்கும் வேட்டு வைக்காக. நேத்து மட்டும் இருவது பீஸு ரிஜெக்ட்டு. மொதலாளிகூட இம்புட்டுக் கோளாறு கண்டதில்ல."

"ஓட்டைய ஓட்டைன்னு சொல்லாம பூவுன்னா சொல்லோணும்?" என்றாள் அத்தை. அவள் சிரித்து நான் பார்த்தது அந்த மேசையில்தான்.

ஒரு நாள் அவள் அவரிடம் கேட்டாள்: "ஏனுங் மாஸ்டர், தையலே இல்லாம பனியன் வருமுங்களா?"

"தையலே இல்லாமயா? அது வாழப்பழத் தோலுதான்க்கா."

பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விளையாட்டை நிறுத்தினார். ஒரு பனியனை எடுத்துக் காட்டினார். உடல் பகுதி மிஷினிலேயே குழாயாகப் பின்னி வருவதால் பக்கவாட்டில் தையல் கிடையாது. தையல் இருப்பது தோளிலும், அடியிலும், கை நுழைகிற கைவெட்டைச் சுற்றிப் பிடித்த பட்டியிலும் மட்டும். அந்தப் பட்டிக்கு பைப்பிங் என்று பெயர். அத்தை தன் அக்குளுக்குக் கீழே கையைக் கொண்டுபோனாள், தொடவில்லை, காட்டினாள். "இங்க கடிக்குதுங்க."

அவர் என்ன, ஏது என்று கேட்கவில்லை. டேப்பை எடுக்கவும் இல்லை. அவளைத் தலையிலிருந்து இடுப்பு வரை ஒருமுறை பார்த்தார். "நூறு" என்றார். ரிஜெக்ட் குவியலிலிருந்து தைக்காத நூறு சைஸ் உடல் ஒன்றை எடுத்தார். கைவெட்டை இரண்டு விரல் கீழே இறக்கி வெட்டினார். தைத்துக் கொடுத்தபோது, "திருப்பிப் போடுங்க அக்கா. மடிப்பு வெளியில போயிரும்" என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. அதைப் பார்த்தவர்கள் கம்பெனியில் பத்துப் பேர் இருப்பார்கள். எங்கள் வீட்டிலிருந்து பார்த்தது நான் ஒருத்தி.

அத்தையால் இரண்டு கையையும் தூக்க முடியாது. பனியனை வளையம்போலச் சுருட்டி, வலி அதிகமான இடது கையை முதலில் விட்டு, பிறகு தலை, பிறகு வலது கை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்க வேண்டும். தினமும் காலையில் அம்மா குழாய்க்குப் போன நேரத்தில் நான் போட்டுவிடுவேன். மேலே தையல் பிரித்துத் தளர்த்திய ரவிக்கை. முதல் நாள் போட்டதும் அத்தை அசையாமல் நின்றாள்.

"நெம்ப நாளைக்கப்பறம் என்ற மேல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்குது கண்ணு."

அது ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சோறு தின்றுவிட்டுப் படுத்தவள் விளக்கு வைக்கும்வரை தூங்கினாள். "ஞாயித்துக்கெழமைன்னா மகாராணிக்குப் பொளுது போறதே தெரியாது" என்று அம்மா பாத்திரங்களிடம் சொன்னாள்.

*

ஆண் துணி என்பதால் அத்தை அதைக் கொடியில் தன் சேலைக்கு அடியில் உலர்த்துவாள். வைகாசியில் ஒரு மாலை திடீரென்று கோடை மழை. துணிகளை வாரிக்கொண்டு ஓடிவந்த அம்மா, சேலையை உதறினாள். அது விழுந்தது.

அப்பா வந்ததும் அவர் முன்னால் வைத்தாள். "ஏனுங்க, இது ஆருதுங்க?"

அப்பா நிட்டிங் மிஷின் ஃபிட்டர். பனியனைப் பெஞ்சில் விரித்து, சுருக்கத்தை நீவி, சாணால் அளந்தார். "நூறு" என்றார். அவர் எண்பத்தைந்து. எங்கள் வீட்டில் வேறு ஆண் கிடையாது. சேவூர் மாமா தொண்ணூறு. அதுவும் அவருக்குத் தெரியும். பிறகு கைவெட்டைக் கவனித்தார். அதுதான் அவரை உட்காரவைத்தது.

"ரெண்டு வெரல் எறக்கி வெட்டியிருக்குது. கம்பெனி பேட்டர்ன் இல்ல. ஆரோ தனக்குன்னு சொல்லி வெட்டுன பீஸு."

வேறு எந்த ஊரிலாவது இருந்திருந்தால் அது வெறும் பழைய பனியன். அப்பாவுக்கு அது ஓர் ஆள். அகன்ற மார்பும் தடித்த புஜமும் உள்ள ஒரு ஆண் எங்கள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தான்.

அத்தை வேலை முடிந்து நனைந்துகொண்டே வந்தாள்.

"அம்மிணி, இது ஆருது?"

"என்றதுங்கண்ணா."

"பொம்பளைக்கு எதுக்கு ஆம்பள பனியன்?"

"ரவிக்கைத் தையல் கட்டி மேல படுதுங்கண்ணா. உசுரு போவுது. இதுல பக்கத்துல தையல் இல்ல..."

"டாக்டரு வலிக்காதுன்னு என்ற முன்னாலதான சொன்னாரு?"

"அவருக்கு வலிக்காதுங்கண்ணா."

"வாயப் பாருங்க" என்றாள் அம்மா.

"வெட்டிக் குடுத்தது ஆரு?"

"கட்டிங் மாஸ்டருங்க."

"உனக்கு அளவெடுத்தானா அவன்?"

"அளவெல்லாம் எடுக்கலீங்க. கண்ணாலயே..." என்று தொடங்கிய அத்தை, அது எப்படிக் கேட்கிறது என்று தெரிந்து நிறுத்தினாள். "போட்டே காட்டறனுங்க அண்ணி. எனக்குன்னு வெட்டுனதுன்னு தெரியும்."

"உன்ற ஒடம்புக்கு நூறு பத்தத்தான் செய்யும். அதனால அவனுது இல்லைன்னு ஆயிருமா?" என்றாள் அம்மா.

அப்பா என்னைப் பார்த்துத் திரும்பினார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. இன்றைக்கு நினைத்துப் பார்க்கையில், தங்கை சொல்வது உண்மையாக இருக்கட்டும் என்று அவர் விரும்பியதாகவே தோன்றுகிறது. அதற்குத்தான் சாட்சி தேடினார்.

"கண்ணு, நீ ஊட்லயேதான இருக்கற. அத்தை இதப் போட்டு நீ பாத்திருக்கியா? கட்டி வலிக்குதுன்னு அளுது பாத்திருக்கியா?"

அம்மா எனக்குப் பக்கத்தில் நின்றாள். பார்த்தேன் என்றால் அடுத்த கேள்வி தெரியும்: எங்கே பார்த்தே, தொட்டியா? உப்பு ஒத்தடம் வரும், குழாய்க்குப் போகும் அரை மணி நேரம் வரும். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லியும் தொட்டவள் ஆவேன். பத்து வயதுக்கு அது பெரிய குற்றம். அத்தைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னேன் என்று சில வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை. எனக்கு அடி பயம்.

"இல்லீங்கப்பா. நான் பாக்கலீங்க."

அத்தை என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. வெண்ணெய் அன்று என் உதட்டைப் பார்த்தாளே, அதே பார்வை.

"பாப்பா எங்கீங்க பாத்திருக்கும்? அது வெளையாடப் போயிருக்கும்" என்றாள்.

*

மறுநாள் காலை அப்பா அவளை அவிநாசி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு சேவூருக்குப் போனார். மாமாவிடம் காரணம் எதுவும் சொல்லவில்லை. டாக்டர் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை, வேலை செய்தால் சரியாகும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். தங்கையின் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக அவருக்கு நினைப்பு. பனியனை நிட்டிங் ஷெட்டுக்கு எடுத்துப்போனார். மிஷின் எண்ணெய் துடைக்கும் கழிவுத் துணியோடு அது போனது.

நான்காம் நாள் சாயங்காலம் கட்டிங் மாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் பழுப்புக் காகிதப் பொட்டலம். அப்பா கதவைத் திறந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன்.

"அண்ணாச்சி, நான் அக்கா வேலை பாக்க கம்பெனில கட்டிங் மாஸ்டர். நாலு நாளா அக்கா வேலைக்கு வரல. மேலுக்குச் சொகமில்லையோன்னு பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்."

அப்பாவின் கண் தன்னால் அந்த மனிதரின் தோளுக்குப் போனது, அங்கிருந்து மார்புக்கு இறங்கியது. எந்த ஆணைப் பார்த்தாலும் அவர் கண் செய்கிற வேலை அது.

"இது இன்னொண்ணு வெட்டி வச்சிருந்தேன். இதுல பைப்பிங்கே இல்ல, சும்மா மடிச்சு விட்ருக்கேன். எங்கம்மை படுக்கையில கெடந்தப்ப இப்படித்தான் வெட்டிக் குடுப்பேன். துணி பட்டாலே துடிப்பாக."

அப்பா பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். "ஊருக்குப் போயிருச்சுங்க" என்றார். "ங்க" போட்டுத்தான் சொன்னார்.

"எப்ப வருவாக?"

"பாக்கலாமுங்க."

மாஸ்டர் தெருமுனை திரும்பும்வரை அப்பா வாசலிலேயே நின்றார். உள்ளே வந்தபோது அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஆருங்க அது?"

"கட்டிங் மாஸ்டர்."

அம்மாவின் கை நின்றது. எங்கள் வீட்டில் அடுத்துக் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான் இருந்தது. அதைக் கேட்டாள்.

"என்ன சைஸுங்க?"

"எண்பது" என்றார் அப்பா.

அம்மா களைந்த தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு, "சாப்பாடு ஆக இன்னும் நேரமாகும். காப்பி வெக்கட்டுங்களா?" என்று கேட்டாள்.

அப்பா மறுநாள் சேவூருக்குப் போவார் என்று நான் எதிர்பார்த்தேன். போகவில்லை. அந்த வாரமும் போகவில்லை. போய்த் திரும்ப அழைத்து வந்தால், எதற்கு அனுப்பினோம் என்பதை மாமாவிடம் சொல்ல வேண்டும். தங்கையிடமும் சொல்ல வேண்டும். அப்பா நல்ல மனிதர். யாரையும் ஏமாற்றியதில்லை. தப்பு செய்துவிட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லாதவர், அவ்வளவுதான். பொட்டலம் பரணில் ஏறியது. சேவூருக்குப் போகவில்லை. வருடங்கள் கழித்து அந்த வீட்டை இடித்தபோது பரணிலிருந்த ஒவ்வொரு பொருளையும் நானே இறக்கினேன். அது அங்கே இல்லை. யார் எடுத்தார்கள் என்று கேட்க அதற்குள் யாரும் இல்லை.

*

அடுத்த சித்திரையில் அவிநாசித் தேருக்குப் போயிருந்தோம். கூட்டத்திலிருந்து விலகி, ஒரு கடைச் சுவரோரமாக அத்தை நின்றுகொண்டிருந்தாள். கைகளை உடம்போடு ஒட்டி மடித்து வைத்திருந்தாள். இளைத்திருந்தாள், கட்டிகள் இளைக்கவில்லை. அவள் ரவிக்கையைத் திருப்பிப் போட்டிருந்தாள். தையல் ஓரங்களும், பிசிறும், ஊக்கு வைத்த பட்டியும் எல்லாம் வெளியே தெரிந்தன. போகிறவர்களில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"கோயிலுக்கு வாரப்பகூட ரவிக்கைய நேராப் போடத் தெரியல பாரு" என்று அம்மா முணுமுணுத்தாள். அப்பா தேரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் திருப்பிப் போட்டிருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இரண்டு பேரும் சொல்லவில்லை.

அத்தை என்னைக் கூப்பிட்டு, குனிந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்: "ஏங்கண்ணு, உங்கம்மா வெண்ணெயில இன்னும் ரேகை வெக்கறாங்களா?"

நான் தலையாட்டினேன். அவள் சிரித்தாள். எனக்குள் சொல்ல வேண்டியது இருந்தது. தேர் வடத்தை இழுக்கிறவர்கள் சத்தம் போட்டார்கள், எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். நானும் திரும்பினேன்.

அதற்குப் பிறகு அவளை உயிரோடு பார்க்கவில்லை. நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது இறந்தாள். குளிப்பாட்டிய பெண்களில் அம்மாவும் இருந்தாள். வீட்டுக்கு வந்து ஈரத் தலையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "இத்தனையும் வெச்சுக்கிட்டு எப்படிங்க மாடு கறந்தா?" என்று அப்பாவிடம் கேட்டாள். அன்று முதல் கடைசிவரை அந்த வீட்டில் வெண்ணெய் வாங்கவில்லை.

*

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த வாரம், இங்கே திருப்பூரில் ஒரு பனியன் கடைக்குப் போனேன். விற்பனைக்கு நின்ற பெண் வடக்கிலிருந்து வந்தவள். தமிழைக் கடையிலேயே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

"ஆம்பள பனியன் ஒண்ணு வேணும். நூறு. பக்கத்துல தையல் இல்லாதது."

"அங்கிளுக்கா?"

"இல்லம்மா. எனக்கு."

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். "உங்களுக்கு நூறு லூசா இருக்கும். தொண்ணூத்தஞ்சு கரெக்ட்" என்றாள். ஊர் அவளுக்கும் கண்ணைப் பழக்கிவிட்டது.

"லூசாத்தான் வேணும். தையல் மேல பட்டா வலிக்கும்."

"அய்யோ" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. குவியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளே கையை விட்டு, தையல் தடிப்பில்லாத ஒன்றைத் தேடித் தந்தாள். சொன்னதும் நம்பிவிட்டாள். இவ்வளவுதான் அதற்கு ஆகும் நேரம்.

வீட்டில் அதைத் திருப்பி, வளையமாகச் சுருட்டினேன். பிடித்துவிட யாரும் இல்லை. இடது கையை முதலில் விட வேண்டும், பிறகு தலை, பிறகு வலது கை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே. யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அறுபத்திரண்டு வயதுக் கைகளுக்கு அது பத்து வயதிலிருந்தே தெரியும்.

பார்த்தேன், அப்பா. தினமும் பார்த்தேன். நான்தான் போட்டுவிட்டேன்.